மூன்றாவது கட்டம்

தொண்ணூற்றெட்டில்
தஞ்சாவூர் கன்வென்ஷன் பந்தலில்
ஒரு சின்ன அட்டை கொடுத்தார்கள்.
ஜெபிப்பேன். கொடுப்பேன். போவேன்.
எதிரே மூன்று கட்டங்கள்.
தகரக் கூரைமேல் மழை.
பிரசங்கியாரின் பேச்சில் எனக்குக் கேட்டதெல்லாம்
பீகார் என்ற ஒரு சொல்.
மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தேன்,
பேனா அட்டையைக் கிழிக்கிற அளவுக்கு.

அப்புறம் அப்பாவுக்குப் பக்கவாதம்.
அப்புறம் மன்னார்குடிக்குத் தெற்கே
அரசு சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலை,
எப்சிபாள், இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன்.
மாதம் இருநூறு அனுப்பினேன்.
ரசீதோடு வரும் ஜெபக் குறிப்பின் பின்பக்கம்
ஒரு வரைபடம் இருக்கும்.
கண்டகி, சோன், பல்கு.
பாமணியாறு எங்கே பிரிகிறதென்று கேட்டால்
தடுமாறுவேன்.
பல்கு எந்த ஊரைத் தொட்டுப் போகிறதென்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

மேட்டூர் திறந்தால்
எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வர
இரண்டு வாரம் ஆகும்.
சில வருஷம் வருவதே இல்லை.
வாய்க்காலை எட்டிப் பார்க்கிறவர்கள்
திறக்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள்.
மேலே எங்கேயோ அடைச்சிருக்கு என்பார்கள்.

போன ஆனியில்
டோக்கன் நாற்பத்தேழு என் ஜன்னலுக்கு வந்தது.
லக்கன் மாஞ்சி. நடவுக்கு வந்தவர்.
ஊர் கேட்டேன்.
கயா என்றார்.
வரைபடத்தில் எத்தனையோ இரவு
என் விரல் நின்ற இடம்
ஈரக் கைலியோடு எதிரே நின்றது.
காலைத் தூக்கிக் காட்டினார்.
விரலிடுக்கெல்லாம் வெளுத்துப் பிளந்த சேற்றுப்புண்.
களிம்பும் பத்து மாத்திரையும் எண்ணிக் கொடுத்து
உறைமேல்
காலை ஒன்று இரவு ஒன்று என
முத்து முத்தான தமிழில் எழுதி
நாற்பத்தெட்டைக் கூப்பிட்டேன்.

மறுநாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.
பத்தையும் ஒரே வேளையில் விழுங்கியிருந்தார்.
வாந்தி, மயக்கம், டிரிப்ஸ். பிழைத்துக்கொண்டார்.
அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.
பீரோவில் பழைய வேதாகம உறைக்குள் தேடினேன்.
அட்டை பழுத்திருந்தது.
டிக் மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்த நாள் சாயங்காலம்
பிளாஸ்டிக் பேசினும் பெர்மாங்கனேட் பொட்டலமுமாய்
அவர்கள் தங்கியிருந்த மோட்டார் கொட்டகைக்குப் போனேன்.
எத்தனை பேருங்க என்று
வெந்நீர்க் குடத்தோடு பின்னால் வந்தாள் எப்சிபாள்.
பதினொரு பேர்.
முதல் காலைப் பிடித்ததும்
வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.
வெட்கம், அவருக்கோ எனக்கோ.
கோயிலில் முழங்காலுக்கு மெத்தை உண்டு,
இங்கே சரளைக்கல்.
வலிக்குதா என்று சைகையில் கேட்டேன்.
துக்தா? என்று திருத்திக் கொடுத்தார்.
துக்தா, துக்தா என்று
ஒவ்வொரு காலிடமும் கேட்டுக்கொண்டு போனேன்.
துக்கமா என்று கேட்பது போலவே இருந்தது.
சிலர் ஆமாம் என்றார்கள்.

ஞாயிறு சபைக் கமிட்டியில்
வேதமாணிக்கம் ஐயா விசாரித்தார்.
ஊழியம் ஆரம்பிச்சிருக்கீங்களாமே,
எத்தனை ஆத்துமா?
இருபத்திரண்டு கால் என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.
ஆண்டவரைப் பத்திச் சொன்னீங்களா?
அவர்கள் பாஷையில் எனக்கு
ஒன்பது வார்த்தைதான் தெரியும், ஐயா.
தண்ணீர், உப்பு, கால், விரல், வலி,
நாளைக்கு வருகிறேன் என்பதற்கு ஒன்று,
மிச்சம் மாத்திரை சம்பந்தப்பட்டவை.
கமிட்டி அடுத்து ஒலிபெருக்கிச் செலவுக்குப் போனது.

நடவு முடிந்து அவர்கள் புறப்பட்ட காலையில்
சுகாதார நிலைய வாசலில் லாரி நின்றது.
மேலேயிருந்து லக்கன்
ஒரு விரலை வானத்துக்குத் தூக்கி
காலே ஒண்ணு என்றார்.
கண்ணை மூடித் தலையைச் சாய்த்து
ராத்திரி ஒண்ணு என்றார்.
லாரியே சிரித்தது.

சம்பாவுக்கு வேறு ஆட்கள் வருவார்களாம்.
உறைகளில் இப்போது
எழுத்துக்குப் பதில் படம் போடுகிறோம்.
என் சூரியன் பரவாயில்லை.
எப்சிபாள் வரையும் நிலாதான்
தேங்காய்க் கீற்று மாதிரி இருக்கிறது.