ஐம்பதில் ஒரு பங்கு

அபானோ கணவாய்க்கு மேல் வெயில் கண்ணைப் பறிக்கிறது,
அக்டோபர் என்றால் நம்ப மாட்டீர்கள்.
ட்ரோனின் கண்ணுக்கு
அறுபத்துநான்காம் எண் கறுப்புக் கண்ணாடி மாட்டினேன்.
விரல் மரத்துப்போய் இரண்டு முறை நழுவிற்று.
இரண்டாம் முறை புல்லில் தேடி எடுத்து
சட்டை நுனியால் துடைத்தேன்.
துடைக்கக் கூடாதென்று தெரியும்.

வினாடிக்கு இருபத்தைந்து சட்டகம்.
அப்படியானால் ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு.
ஐஎஸ்ஓ நூறு; அதற்கு மேல் ஏற்றினால்
நிழலுக்குள் எறும்பு ஊரும்.
வெள்ளைச் சமநிலையை நானே பூட்டினேன்
ஐயாயிரத்து அறுநூறில்.
தானியங்கியிடம் விட்டால் அது
மேகத்துக்கு ஒரு நிறம், ஆட்டுக்கு ஒரு நிறமென்று
காட்சி நடுவே கட்சி மாறும்,
என் மாமா ஸூராபைப் போல.
கூர்மையைக் குறைத்தேன். நிறத்தை வெளிற விட்டேன்.
இப்போதைக்குச் சோகை பிடித்த மலை.
திபிலிசி போய், மேசையில் உட்கார்ந்து
ரத்தம் ஏற்றிக்கொள்ளலாம்.

எல்லாம் அந்த ஐம்பதில் ஒரு பங்குக்காகத்தான்.
ஒவ்வொரு சட்டகமும் கொஞ்சம் கலங்கியிருந்தால்தான்
ஓட்டம் ஓட்டமாக இருக்கும்.
தனித்தனியே தெளிந்துவிட்டால் நடை நொண்டும்,
பறவை வெட்டி வெட்டிப் பறக்கும்.
வகுப்பில் இதை மெதுவாகச் சொல்வேன்,
எழுதிக்கொள்ளட்டும் என்று.

வளைவில் இமேதாவின் மந்தை திரும்பிற்று.
தாழப் பறந்தேன், வேகமாக, பக்கவாட்டில்.
கம்பளி கம்பளியோடு கரைந்து
சரிவெங்கும் பால் பொங்கி வழிந்த மாதிரி
பதினெட்டு வினாடி.
நான் மூச்சு விடவில்லை.
நிறுவனத்துக்குத் தேவை அதில் ஆறு.

திரையை அவரிடம் நீட்டினேன்.
கையுறையைக் கழற்றாமல் வாங்கிப் பார்த்தார்.
"அழகு" என்றார்.
பிறகு,
"ஆடு எங்கே?"

முந்தின இரவு ஓநாய்ச் சத்தம்.
நாய் இரண்டும் விடிந்துதான் திரும்பின.
பாலம் வரும்வரை எண்ண முடியாது, பாதை அகலம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு இருக்க வேண்டும்.
என் பாலிலிருந்து அவரால்
ஒன்றைக்கூடப் பிரித்தெடுக்க முடியவில்லை.

மிச்சம் ஒரே பேட்டரி, அதிலும் நாற்பத்தொரு விழுக்காடு.
மாலை வெயிலுக்கென்று
அக்குளில் இடுக்கிச் சூடு காத்திருந்தேன்.
மலை செம்பாகும் அந்தப் பத்து நிமிடம்,
சுவரொட்டிக்கு அதுதான் படம்.
அவர் எதுவும் கேட்கவில்லை. கோலை ஊன்றி
மந்தையைப் பார்த்தபடி நின்றார், அவ்வளவுதான்.
கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன்.
ஷட்டர் ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்கு.
உயரே ஏறி, நேர் கீழே பார்த்து, ஆமை நடை.
காட்சி பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தது.
மாணவன் எடுத்திருந்தால்
அழி, திரும்ப எடு என்றிருப்பேன்.
ஆனால் ஆட்டுக்குக் காது இருந்தது.
முதுகில் நீலச் சாயக் குறி இருந்தது.
நொண்டி ஒன்று மூன்று காலில்
தன் நிழலுக்கும் பின்னால் வந்தது.

இரவு, குடிலில், பாலாடைக்கட்டி வாடைக்கு நடுவே
நிறுத்தி நிறுத்தி எண்ணினோம்.
இமேதாவின் தம்பி மனைவி எத்தேரி
ஐம்பதுக்கொரு சோளமணியைத் திரையோரம் வைத்தாள்.
பன்னிரண்டு மணி. மேலே பதினொன்று.
அந்த ஒன்று,
இடது மூலையில், பாறைக்கு அடியில்,
சாம்பல் புள்ளியாக இருக்கலாம்.
கல்லாகவும் இருக்கலாம்.
வெளிற விட்ட நிறத்தை இழுத்துக் கூட்டினேன்.
இன்னும் கூட்டினேன்.
ஒரு கட்டத்துக்கு மேல்
எல்லாக் கல்லும் ஆடாகத் தெரிந்தது.
டார்ச்சும் ஒரு நாயுமாக
இமேதா எப்போது கிளம்பினாரோ, கதவு திறந்து கிடந்தது.

எத்தேரி விளக்கைத் தணிக்கவில்லை.
ஜெனரேட்டர் ஓடுகிறது,
பேட்டரி பதினேழு விழுக்காடு ஏறியிருக்கிறது.
அந்தப் பதினெட்டு வினாடியை
மறுபடி ஓடவிடுகிறேன்.
பால் பொங்குகிறது.
அதில் எந்தத் துளி அது என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.