வினைமுற்றின் வால்

சூபேயில், தூப் ஆறு வளையும் இடத்தில்
கடைசி வீடு ஓடீல் ஃபுவாட்வோவுடையது.
நவம்பரில் ஒருமுறை மீட்டர் பார்க்கப் போவேன்.
கதவு ஒரு சாண் திறக்கும்.
நிலவறைப் படி, சிலந்தி, ஐந்து இலக்கம்.
வருடம் முழுக்க நூற்றுப் பதினொரு யூனிட்:
பக்கத்துப் பண்ணையின் பால் கறக்கும் இயந்திரம்
இரண்டு நாளில் தின்றுவிடுவது.

நாலாம் வருடம்தான் கதைத்தாள்.
இருபத்தாறு வயதில் ஒரு புத்தகம் படித்தாளாம்.
கடலுக்கு அப்பால் ஏதோ சிற்றூரில்
குளத்தையும் காட்டையும் வேதமாக வாசித்தவர்களுடையது.
கல்லில், காகத்தில், உன்னில்
ஒரே பேருயிர்; தரகர் வேண்டாம்,
வெளியே போய் நில்.
போய் நின்றாள். சளி பிடித்தது.
திரும்பி வந்து
தன் கவிதைகளிலிருந்து ஒவ்வொரு 'நானை'யும்
மீன்முள் எடுப்பதுபோல் எடுத்தாள்.

மின்சாரமும் அப்படித்தான், என்றேன்,
எல்லா வீட்டிலும் ஓடுவது ஒன்றே,
பில் மட்டும் தனித்தனி.
சிரித்தாள். பல் விழுந்த இடத்தைக் கை மறைத்தது.

பிரெஞ்சில் 'நான்' இல்லாமல் ஓரடி நடக்க முடியாது.
ஆகவே அவள் கவிதைகளில்
யாரும் எதுவும் செய்வதில்லை.
பனி பெய்கிறது. வாளி நிறைகிறது.
ஒரு கதவு திறந்திருக்கிறது.
முப்பத்தொரு வருடமாகத் திறந்திருக்கிறது.

எங்கள் மொழியில் சுலபம், என்றேன் பெருமையாக.
நானைச் சொல்லவே வேண்டாம்.
'ஆற்றுக்குப் போனேன்.' அவ்வளவுதான்.
போனேன், போனேன், சொல்லிப் பார்த்தாள்.
கடைசியில் என்னவோ இழுபடுகிறதே?
அதுதான் நான்,
வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும்.
வெட்டி எடுத்தால்?

மீட்டர் படிவத்தின் பின்பக்கத்தில்
வெட்டிக் காட்டினேன்:
ஏன்.
தனியே நின்றால் அது கேள்வி,
என்று சொன்ன பிறகுதான்
எனக்கே தெரிந்தது.

அந்தப் படிவத்தை அவள் திருப்பித் தரவில்லை.
தொலைந்துவிட்டதென்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன்.

இந்த வருடம் மீட்டர்களை மாற்றுகிறோம்.
புதியவை தாமாகவே கணக்குச் சொல்லும்,
ஆள் போகத் தேவையில்லை.
பழையதைக் கழற்றும்போது பார்த்தேன்,
நூற்று நாற்பத்திரண்டு. ஏறியிருந்தது.
இரவில் நெடுநேரம் விளக்கு எரிந்திருக்கிறது.

மீட்டர் இருந்த இடத்துக்கு மேலே, சுண்ணாம்புச் சுவரில்,
கரிக்கட்டியால் என் கையெழுத்தைப் பார்த்து வரைந்த
இரண்டு எழுத்து.
புள்ளி வைக்க விட்டுப்போயிருந்தது.
என் பையில் பென்சில் இருந்தது.
மேலே அவள் நாற்காலி நகரும் சத்தம்.
நூற்று நாற்பத்திரண்டு என்று மட்டும் குறித்துக்கொண்டு
படியேறி
வந்தேன்.