கொட்டை உள்ள திராட்சை

ஏற்காட்டில் பயிற்சி. பணியிடத்தில் மன அமைதி.
கையெழுத்துப் போட்டால் மதியச் சாப்பாடு உண்டு.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
யாஸ்மின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி வந்தாள்.
"மனநலத் துறைக்கே குமட்டுது பாருங்க" என்றார் செங்கோடன்.

மண்டபத்தில் பாய் விரித்து
ஆளுக்கு ஓர் உலர்திராட்சை.
பாருங்கள். முகருங்கள். காதோரம் உருட்டிக் கேளுங்கள்.
ஐந்து நிமிடம் மென்று இந்தக் கணத்தில் இருங்கள்.
இந்தக் கணத்தில் வார்டிலிருந்து போன்.
திராட்சையைக் கண்ணாடிக் கூட்டில் போட்டுவிட்டு
மூடுபனிக்குள் ஓடினேன்,
சிக்னல் கிடைக்கும் சில்வர் ஓக் மரம் எதுவென்று தேடி.

செவ்வாய்க்கிழமை. சேலம். புறநோயாளிகள் பிரிவு, அறை ஒன்பது.
மின்விசிறி சுற்றுகிறது, காற்று வேறெங்கோ போகிறது.
ஜவ்வரிசி ஆலையிலிருந்து நேரே வந்தவர்
சட்டையில் புளித்த மாவு வாசனை.
"நெஞ்சு படபடங்குதுங்க."
நாலு எண்ணி இழுங்க, ஆறு எண்ணி விடுங்க.
நானும் கூடவே எண்ணுகிறேன்,
அவர் மூச்சை அல்ல,
கதவிடுக்கில் தெரியும் செருப்புகளை.

நாற்பத்தொன்றாவது சீட்டு பூபாலன் பெயரில்.
சிவதாபுரத்தில் கொலுசு பற்றவைப்பவர்.
வந்தது அவர் மனைவி, தனியாக.
முந்தானையில் முடிந்திருந்த மாத்திரை அட்டையை
மேசையில் வைத்தாள்.
"பதினொண்ணு மிச்சங்க.
வேற யாருக்காச்சும் ஆகும்."
உட்காரச் சொன்னேன்.
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

பதிவேட்டில் ஏதாவது எழுத வேண்டும்.
கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன்.
துடைக்கும் துணியில் ஒட்டிக்கொண்டு
அது கிடந்தது.

முகரவில்லை. காதில் வைக்கவில்லை.
வாயில் போட்டேன்.
முதலில் துணி, அப்புறம் தூசு,
பிறகு
இனிக்காமல் இருந்திருக்கலாம்.
இனித்தது.
கொட்டை ஒன்று கடைவாயில் நறுக்கென்றது.
இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே
சேர்வராயன் மலை ஒரு முழம் தெரிந்தது.
எப்போதும் தெரிகிற இடம்தான்.
ஐந்து நிமிடமெல்லாம் இல்லை.
எவ்வளவு என்று எண்ணவுமில்லை.

"மேடம், நாப்பத்திரண்டு விடட்டுங்களா?"
வாயில் இன்னும் கொட்டை.
ஒன்பது வருடத்தில் முதல்முறையாக
ஒரு விரலை உயர்த்தினேன்.
கதவு மறுபடி சாத்திக்கொண்டது.
மேசையில் பதினொன்றும் அட்டைக்குள் அப்படியே.
எத்தனை நாளாய் எங்கே நின்றிருந்ததோ,
விலா எலும்புக்குள்ளிருந்து ஒரு மூச்சு
தானாக இறங்கிப் போனது,
கூடவே கொஞ்சம் கண்ணீரும்.

மூக்கைச் சிந்திக்கொண்டு
கண்ணாடியை மாட்டினேன்.

"விடுங்க."