மெதுவடை

சமையலறையில் அரிசி களையும்போது
கைப்பேசி சொல்லும்:
மலேசியாவுக்கு நல்வரவு.

மார்சிலிங், பத்தாவது மாடி, வாடகை வீடு.
ஜன்னலில் கொஞ்சம் கடல், கடலுக்கு அப்பால் ஜோகூர்.
நான் எங்கும் போகவில்லை.
சிக்னல்தான் தனியாகப் பாலம் தாண்டிப் போய்
கட்டணத்தோடு திரும்பி வரும்.

அந்தக் கட்டணத்தைப் பார்த்த மாதம்
வீட்டுக்கு ஓர் இணைப்பு வாங்கினோம்.
இருப்பதிலேயே மலிவு. இருப்பதிலேயே ஆமை.
அதையும் மூன்று வீட்டுக்குப் பங்கு போட்டோம்,
நான், பக்கத்து வீட்டு ரொக்கியா, மூலைவீட்டு சியா.
ஆளுக்குப் பதின்மூன்று வெள்ளி.
மிச்சம் இருபது காசை யார் தருவது என்று
மாதா மாதம் சியா கேட்பார்,
மாதா மாதம் நான் தருவேன்.

கடவுச்சொல் வைத்தது நான்.
திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்,
நடுவில் ஓட்டை,
எண்ணெயிலிருந்து எடுக்கவே மாட்டார்கள்.
அதனால் மெதுவடை.
பிரித்துப் படித்தாலும் பொருந்தும்:
மெது, அடை. மெல்லப் போய்ச் சேர்.
எச் எங்கே வரும், டியா டபிள்யூவா என்று
கதவு தட்டித் தட்டி
அந்தத் தாழ்வாரமே ஒரு தமிழ்ச்சொல் கற்றது.

ரொக்கியாவின் மகள் சுஹைலாவுக்கு
இரவில் தாதிமை வகுப்பு.
ஊசி போடச் சொல்லித்தரும் ஆசிரியை
ஊசி தோலைத் தொடும் நேரத்தில் உறைந்துபோவார்.
என் பரிதியின் வீட்டுப்பாடம்
தொண்ணூற்றொரு விழுக்காட்டில் படுத்துத் தூங்கும்.
செவ்வாய் எட்டு மணிக்கு மட்டும்
எல்லாவற்றையும் அணைத்துவிடுவோம்.
பெர்த்திலிருந்து சியாவை மகள் அழைக்கும் நேரம்.
சுவர் மெல்லியது.
"தியா ஊ போ? தியா ஊ போ?"
ஹொக்கியனில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்:
கேட்குதா?

பிறகு மின்தூக்கிப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்.
வாடகை வீடுகளுக்கு வேகமான இணைப்பு,
பழைய பங்கை விடக் குறைந்த காசு.
நம்பவில்லை. நான்கு முறை படித்தேன்,
கீழே பொடி எழுத்தில் ஏதாவது இருக்குமே என்று.
பாரம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.
இரண்டு வருட ஒப்பந்தம் என்றதும் சியா சிரித்தார்:
"என்னையே யாரும் இரண்டு வருடத்துக்கு எழுதித் தரலை."
சிரிக்க வரவில்லை எனக்கு.
பேனாவை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

பாலத்தில் நெரிசல் என்று
இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்தான் கஜேந்திரன்.
சுவரோரம் வெள்ளையாய் ஓர் இழை ஓடவிட்டான்.
"மடக்கிடாதீங்க அக்கா, உள்ள கண்ணாடி.
வெளிச்சம்தான் போகுது இதுல."
மாவு சலிக்கும் கைக்கு அது புரிந்தது,
பெட்டியில் பச்சைப்புள்ளி ஒன்று
இமைத்து இமைத்து, பிறகு இமைக்காமல் நின்றது.

பரிதியின் வீட்டுப்பாடம்
நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் போய்விட்டது.
"அவ்வளவுதானா?" என்றான், ஏமாந்த மாதிரி.
சுஹைலாவின் ஆசிரியை
ஊசியை வெளியே எடுத்தேவிட்டார்.

அன்று செவ்வாய்.
பழக்க தோஷத்தில் எட்டு மணிக்கு
எங்கள் பெட்டியை அணைத்தேன்.
எட்டேகாலுக்கு சியா கதவருகில் நின்றார்.
அறுந்துவிட்டதோ என்று பயந்தேன்.
இல்லை, தெளிவாகத் தெரிகிறதாம்.
ஆறு வருடமாகக் கட்டம் கட்டமாய்ப் பார்த்த முகம்.
"அவளுக்கு நரைச்சிருக்கு" என்றார்.
தன் காதுக்கு மேலே தொட்டுக் காட்டினார்,
இந்த இடத்தில், இவ்வளவு.

பழைய வேகத்துக்கு மாற்றித் தருவார்களா
என்றும் கேட்டார்.
விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பார்.

அடுத்த செவ்வாய் நான் எதையும் அணைக்கவில்லை.
உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன்.
சுவருக்கு அப்பால்
அந்த ஒரு சொல் வரவே இல்லை.
எடுத்த எடுப்பிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள்,
எனக்கு விளங்காத எல்லாவற்றையும்.