கஞ்சன் பாய்

பொன்னை அடகுக்கடை சேட்டு சம்சாரத்தின் பெயர்
கஞ்சன்.
அவர்கள் பாஷையில் தங்கம் என்று பொருளாம்.
எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவரும் நம்பவில்லை.

வள்ளிமலை போய்வர இருநூற்றைம்பது கேட்டேன்.
இருநூறு என்றாள், தெலுங்கில்.
சித்தூர்ப் பக்கத்து நகைகள்தான் அந்தக் கடையில் அதிகம்,
அதனால் முதலில் படிந்தது தெலுங்கு.
தமிழில் வட்டி, அசல், தவணை
இம்மூன்றும் சுத்தமாய் வரும்.

அதில் ஒரு தவணை என்னுடையது.
பெண்டாட்டி சங்கிலி, பதினொன்றேகால் கிராம்,
ஆடியில் வைத்தது.
மேலே காற்று வாங்கி அவள் மனசு குளிரும் நேரம் பார்த்து
வட்டியைக் குறைக்கக் கேட்பதாக
என் கணக்கு.

அடிவாரத்திலேயே செருப்பை வண்டியில் விட்டாள்.
பங்குனிப் பாறை.
"எங்க ஊர்ல இன்னும் சூடு."
ஜெய்சல்மேர். கோட்டை, வீடு, கோயில்
எல்லாமே மஞ்சள் கல்லாம்.
விடியலில் ஏழு கோயிலும் சுற்றிவிட்டு
காதில் மணலோடு பள்ளிக்கூடம் போவாளாம்.
தூணில் கல்லைப் பூத்தையல்போல் இழைத்திருக்குமாம்,
வெயில் அதற்குள் புகுந்து
தரையில் கோலமாய் விழுமாம்.
தண்ணீர்தான் இல்லையாம்.
திரும்பிப் பொன்னையாற்றைப் பார்த்தாள்.
அதிலும் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முருகனுக்குப் போகும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து
பாறைச் சரிவுக்கு வந்தோம்.
வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்,
எழுந்து போக ஓர் இடமும் இல்லாதவர்கள் மாதிரி.
சட்டென்று முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.
"இவங்க துணி கட்டாத கூட்டம். நாங்க வேற.
எங்க சாமிக்குக் கண்ணாடிக் கண் வெப்போம்.
இவங்களுக்குக் கண்ணே இல்ல."
ஒருவருக்கு மூக்கும் இல்லை.
இன்னொருவர் முழங்காலில்
டில்லிபாபு என்று கீறியிருந்தது.

போய்விடுவாள் என்று நினைத்தேன்.
முந்தானை நுனியை எச்சில் தொட்டு நனைத்து
டில்லிபாபுவைத் தேய்க்க ஆரம்பித்தாள்.
போகவில்லை. தேய்த்தாள்.
பிறகு முடிச்சவிழ்த்து ஒரு பிடி அரிசி எடுத்து
பாறையில் என்னவோ வரைந்தாள்,
மேலே மூன்று புள்ளி,
அதற்கும் மேலே ஒரு பிறை.
குரங்கு ஒன்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதுதான் நேரம்.
"அம்மா, நம்ம சங்கிலி ஒண்ணு கீது, கடையில..."
"எந்தப் பேரு?"
"வேண்டா."
"ஏன் வேண்டாம்?"
"பேரே அதாம்மா. நாலாவதும் பொண்ணாப் போச்சு,
போதும்னு வெச்சுட்டாங்க."

என்னைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள்.
மூன்று வருஷமாகக் கடையில் காணாத ஒரு சிரிப்பு
வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.
"வேண்டா" என்று அந்த வரிசையிடம் சொன்னாள்,
சொந்தக்காரர்களுக்கு
யாரையோ அறிமுகம் செய்வதுபோல.
வட்டி பற்றி ஒரு வார்த்தை இல்லை.
எங்களுக்குப் பின்னால் குரங்கு
முதலில் பிறையைத் தின்றது.

கீழே வந்ததும் இரண்டு நூறு, எண்ணி.
காத்திருந்ததற்குத் தனியாகக் கேட்டேன்.
"நீயும்தானே பார்த்தே?" என்றாள்.

பார்த்தேன்தான்.
சித்திரை வந்தால் ஒன்பதாவது வட்டி.