கூழுக்கு மட்டும்

வெள்ளிக்கிழமை ஏழு மணி எங்கள் முறை.
அடுக்ககத்தின் அடித்தளத்தில்
நாலு பேர் நெருக்கி உட்காரும் நீராவி அறை.
வெளியே ஓலு நகரம்
மைனஸ் இருபத்து நான்கில்
கடலோடு சேர்ந்து உறைந்து கிடக்கிறது.

வில்யாவின் ஒட்டு இன்றும் கழன்றுவிட்டது.
"குளித்து முடித்து மாற்றடி" என்று
எத்தனை வெள்ளி சொல்லியாயிற்று.
ஒட்டிவிட்டால் மூன்று நாள் அதை மறந்திருக்கலாம்,
அதுதான் அழகு என்பாள்.
மறந்துதான் போகிறாள்.
இடுப்பில் பழைய ஒட்டுகளின் சதுரங்கள்,
ஓரமெல்லாம் கம்பளிச் சட்டையின் சாம்பல் பஞ்சு,
கழற்றிப்போன படங்களின் சுவர் மாதிரி.

ஐலா ஊசிக்காரி.
பெர்லினில் வெல்டராய் இருந்த காலத்துப் பழக்கம்.
புதன்தோறும் எண்ணெய்ச் சீசாவைக்
கைக்குள் வைத்துக் கதகதப்பாக்குவாள்.
மூன்றுவரை எண்ணுவதாகச் சொல்லி
இரண்டிலேயே குத்திவிடுவாள், தன் தொடையையே ஏமாற்றி.
வியாழன், வெள்ளியில் உலகத்தையே தைத்துவிடுவாள்.
செவ்வாய்க்கிழமை
வானிலை அறிக்கைக்கு அழுவாள்.

நான் ஜெல்.
ராத்திரி கடைசிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து
இரண்டு அழுத்து, தொடைக்கு ஒன்று.
காயும்வரை ரேடியேட்டர் பக்கத்தில்
ஒரு நாரையின் பொறுமையோடு நிற்பேன்.
பூனை கதவுக்கு அந்தப் பக்கம் திட்டும்.
யாரும் மடியில் ஏறக்கூடாத ஒரு மணி நேரம்.
ஏற யாருமில்லாததால்
பூனைக்கு மட்டும்தான் நஷ்டம்.

மாத்திரை கேட்டேன்தான், முதலில்.
அப்பாவுக்குக் காலில் ரத்தம் உறைந்தது என்றதும்
மருத்துவர் தட்டச்சை நிறுத்தினார்.
அப்பா எனக்கென்று விட்டுப்போனவை இரண்டு:
அந்த ஒரு வரி,
விரிகுடாவில் பனிக்கடியில் ஒரு படகு.

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை
என்றொரு பேச்சு உண்டே,
எனக்கு அந்தத் தொல்லை இல்லை.
கூழுக்கு மட்டும்.

மாத்திரை இங்கெரிக்கு.
விழுங்கு என்று சீட்டில் இருக்கிறது,
அவள் நாக்குக்கடியில் வைப்பாள்.
"கரையும்போது எனக்குத் தெரியணும்."
சந்தை மண்டபத்தில் மீன் வெட்டுகிறவள்,
காலை எட்டிலிருந்து எட்டேகால்வரை
வாடிக்கையாளர்களுக்குத் தலையசைப்பு மட்டும்.

சென்ற செவ்வாய் எட்டு ஐந்துக்கு
கெமியார்வியிலிருந்து அம்மா கூப்பிட்டாளாம்.
ஆறு வருஷத்தில் முதல் தடவை.
வாயில் பாதி கரைந்த நீலம்.
துப்பவா? முழுங்கவா?
"ம்" என்றாளாம் இங்கெரி.
அந்தப் பக்கம் அமைதி.
பிறகு அம்மா, பேசுவதற்கு ஆளில்லாத வீட்டில்
பேசுகிறவள் போல,
குழாய் உறைந்ததைச் சொன்னாள்,
பக்கத்து வீட்டு நாய் செத்ததைச் சொன்னாள்,
மகனின் பனிச்சறுக்குக் கட்டைகளை
யாருக்கோ கொடுத்துவிட்டதைச் சொன்னாள்.
"ம்."
"ம்."
கடைசியில், கேட்காமலே,
ஒவ்வொரு எழுத்தாகக் கால் வைத்துப் பார்த்து,
இங்-கெ-ரி, என்றாள்,
பனிக்கட்டி தாங்குமா என்று
கடலில் இறங்குகிறவள் மாதிரி.

"வாய் திறந்திருந்தால்
சண்டைதான் வந்திருக்கும்," என்கிறாள் இங்கெரி.
"அதனால மாத்திரைதான் சிறந்தது.
வாதம் முடிந்தது."

முடியவில்லை.
ஐலா ரத்தப் பரிசோதனை எண்களை எடுக்கிறாள்,
வில்யா மருந்தகத்து விலையை எடுக்கிறாள்,
யாருடைய மார்பு முதலில் வலித்தது என்று
பழைய கணக்கு ஒன்று கிளம்புகிறது.
நான் அகப்பையால் கல்லில் தண்ணீர் வீசுகிறேன்.
சீறி எழுந்த ஆவியில்
நாலு பேரும் ஒரு நிமிஷம் வெறும் இருமல்.

"அசையாதே," என்கிறாள் வில்யா.
என் கெண்டைக்காலில்
ஒட்டிக்கொண்டிருக்கிறது அவள் ஒட்டு.
பிடித்து வெடுக்கென்று உரிக்கிறாள்.
நான் கத்தியது மேல்மாடிவரை கேட்டிருக்கும்.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாள்:
என் முடி, ஏழோ எட்டோ,
வரிசையாக.

"இதற்கு," என்கிறாள்,
"ஜெல் எதுவும் பண்ணாதா?"