இருபத்தொன்பதாம் தேதி

சம்பளத்துக்கு இன்னும் இரண்டு நாள்.
மொந்தேவிடேயோவில் இந்தத் தேதிக்கு
இருப்பவனும் இல்லாதவனும் ஞோக்கி தின்கிறார்கள்.
உருளைக்கிழங்கு, மாவு, ஒரு முட்டை, அவ்வளவுதான்.
தட்டுக்கு அடியில் காசு வைத்துச் சாப்பிட்டால்
வரும் மாதம் கை வறளாதாம்.
நான் நம்புவதில்லை.
வைக்காமல் இருந்ததுமில்லை.

பழங்கிழங்கு கேட்டேன்,
காய்கறிக்காரன் புதுசைத் தள்ளிவிட்டான்.
தண்ணீர் கோத்த கிழங்கு.
எவ்வளவு மாவு போட்டாலும்
கடன்காரன் மாதிரி இன்னும் கேட்டது.
சின்னச் சின்னதாய்க் கிள்ளி
முள்கரண்டி முதுகில் உருட்டினேன்,
ஒவ்வொன்றிலும் நான்கு வரி.
ஜன்னலுக்கு வெளியே ஜூன் மாதம்,
கடலென்று ஏமாற்றும் ஆற்றிலிருந்து காற்று.

விட்டுப்போனவனின் சட்டைகள் இரண்டை
வெட்டி மடித்து ஓரம் தைத்தேன்.
ஐந்து கைத்துண்டு.
நல்ல பருத்தி,
அதில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது.

பெயர்ச் சீட்டுகள் கடையிலிருந்து வந்தவை.
பெயிண்ட் கடையில் பதினோரு வருஷம்;
போன வருஷத்து நிற அட்டைகளை
எறியச் சொன்னார்கள், எறியவில்லை.
மிர்தாவுக்கு 'ஊறிய திராட்சை'.
வில்மாருக்கு 'ஈரச் செங்கல்'.
நீபியாவுக்கு 'முதல் பனி'
(பனியே விழாத ஊரில்
எந்தப் புண்ணியவான் வைத்த பெயரோ).
வாஷிங்டனுக்குத்தான் நேரம் பிடித்தது.
ஆமாம், அதுதான் பெயர், இங்கே சகஜம்.
பேருந்துகளுக்கு வண்ணம் அடித்தவன்,
மார்ச்சிலிருந்து அதுவும் இல்லை.
நிறத்தில் அவனை ஏமாற்ற முடியாது.
கடைசியில் 'பாலாடை' எழுதினேன்.

நாற்காலி நான்கு, ஆட்கள் ஐந்து.
இருபது லிட்டர் டப்பாவைக் கவிழ்த்து
மேலே தலையணை வைத்து
அதை எனக்கு எடுத்துக்கொண்டேன்.

வந்தார்கள்.
மழைக்கோட்டு நாற்றம், ஒரு போத்தல் ஒயின்,
மிர்தா கையில் அவள் பின்னிய பானைப்பிடி,
ஒரு மூலை இன்னும் ஊசியிலேயே.
"பாதி வழியில் பேருந்து வந்துவிட்டது" என்றாள்.

ஒரு பானைக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
நான் பதம் பார்க்க எடுத்த அந்த ஒன்று
கரண்டியில் ஏறவே இல்லை.
கரைந்திருந்தது.
அள்ளி அள்ளிப் பார்த்தேன்.
என் நான்கு வரிகளும் கஞ்சியில் போயின.
மேலே தக்காளிக் குழம்பை ஊற்றி
முகத்தைத் திருப்பிக்கொண்டு பரிமாறினேன்.

"சூப் என்று சொல்லிக் கூப்பிட்டிருந்தால்
பிரமாதம் என்றிருப்போம்" என்றான் வில்மார்.
நீபியா ஒயின் புரையேறச் சிரித்தாள்.
விட்டுப்போனவனின் கைப்பட்டியால்
வாயைத் துடைத்துக்கொண்டாள்.
மூன்று முறை வாங்கினார்கள்.
பசியா பிரியமா, நான் கேட்கவில்லை.

வாஷிங்டன் சீட்டை விளக்கில் பிடித்தான்.
"இது பாலாடை இல்லை.
அதிலிருந்து இரண்டு எண் தள்ளி.
அச்சுக்காரன் ஏமாற்றியிருக்கிறான்."
பிறகு, "உன் நிறம் எது?"
எனக்கென்று எழுதவே இல்லை.
வில்மார் கட்டைவிரலைக் குழம்பில் தோய்த்து
வெற்று அட்டையில் அழுத்தினான்.
பெயர் வைக்கப் போட்டி நடந்தது.
'மூன்றாம் கரண்டி' வென்றது.

ஒன்றரை மணிக்குத் தட்டுகளை எடுத்தேன்.
மிர்தாவின் கீழே பத்து பேசோ.
வில்மாரின் கீழே ஐந்து,
நீபியாவின் கீழே பழைய பேருந்துச் சீட்டும் இரண்டும்.
வாஷிங்டனின் கீழே
ஒரு கோட்டுப் பித்தான்.
கறுப்பு, நான்கு கண்,
அறுந்த நூல் இன்னும் தொங்கியது.

நாங்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தபோது
மேசைக்கு அடியில் பிய்த்திருக்கிறான்.

படியிறங்கும்போது
கோட்டின் நடுவை இடக்கையால்
சேர்த்துப் பிடித்திருந்தான்.
குளிருக்கு என்று நினைத்து
கதவைச் சீக்கிரம் சாத்தினேன்.